திருகாணி தேடிய பயணம்

மேற்கே மலைத்தொடர் நீலக்கோடாய் நீளும் இராஜபாளையம் வட்டத்துச் சிற்றூர் சோழபுரம். தச்சுப் பட்டறைகளில் இன்று மின்சார இயந்திரங்களின் இரைச்சலே மிகுதி. எனினும், கதவின் ஓரத்தை இறுதியாகச் சீர்செய்யக் கை இழைப்புளிக்கு ஈடில்லை என்பார் அவ்வூர் முதிய தச்சர் ஒருவர். தந்தையார் விட்டுச்சென்ற ஸ்டான்லி இரும்பு இழைப்புளி அவரிடம் உண்டு. பிடியை உடலோடு இறுக்கும் நீண்ட திருகாணியின் அடிமரை தேய்ந்துவிட்டது. பிடி ஆடினால் கை நிற்குமா? கருவி பரண் ஏறியது.

"ஒரு திருகாணிக்காக அப்பா கையாண்டதை எடைக்குப் போடவா, சாமி?" என்று அவர் வருந்தவே, இருவரும் புறப்பட்டோம்.

இராஜபாளையத்து இரும்புக் கடைகளில் திருகாணிக்குப் பஞ்சமில்லை, பொருந்துவதுதான் இல்லை. காரணம் உண்டு. இவ்வகை இழைப்புளியை உருவாக்கியவர் அமெரிக்கரான லெனார்டு பெய்லி. அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் பெற்றது. பிடித் திருகாணிக்கு அமைந்த அளவு, ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 20 மரைச்சுற்று. நம் நாடோ 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுக்கு மாறியது. இன்று கடையில் கிடைக்கும் 5 மில்லிமீட்டர்த் திருகாணி துளையில் ஆடுகிறது. 6 மில்லிமீட்டர் நுழைய மறுக்கிறது.

"சற்று அழுத்தித் திருகினால் ஏறிவிடும்" என்றார் கடைக்காரர். தச்சர் கருவியைச் சட்டெனத் திரும்ப வாங்கிக்கொண்டார். உடல் வார்ப்பிரும்பு, உள்மரை சிதைந்தால் திருகாணியோடு கருவியும் போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய இரும்புக் கடைகளிலும் தேடினோம். பார்வைக்கு ஒத்த திருகாணி ஒன்று கிடைத்தது. இரண்டு சுற்றிலேயே இறுகியது. தச்சர் அதையும் வற்புறுத்தவில்லை.

திரும்பும் வழியில் இராஜபாளையத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் விடை கிடைத்தது. 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னர் நூற்பாலைகள் பெருகிய ஊர் இது. ஆலை இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் கடைந்து பழகிய கைகளுக்கு அந்நிய மரை புதிதன்று. பட்டறைக்காரர் பழைய திருகாணியின் தேயாத மேல்முனையில் மரை அளவியைப் பதித்துச் சுற்றுகளை எண்ணினார். லேத்தின் பல்சக்கரங்களை மாற்றி, எஃகுக் கம்பியில் அதே மரையை வெட்டினார். பழைய பித்தளைத் தலையும் அதில் இசைவாய் அமர்ந்தது. விரலால் திருகியபோதே கம்பி அடிவரை இறங்கியது.

தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவை மே முதல் நாளுக்கென 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார். அவ்விழாவில் உழைப்பின் மேன்மையைப் பேசுகிறோம். உழைப்பாளியின் கருவியையும் மதிக்க வேண்டாமா? வீட்டில் முடங்கிய பழங்கருவி இருப்பின், எடைக்குப் போடுமுன் பழுதான உறுப்பைக் கடைசல் பட்டறையில் காட்டி அளந்து பாருங்கள். ஏறத்தாழப் பொருந்துவதை மட்டும் வலிந்து திருகாதீர்கள். பிள்ளைகளை வளர்ப்பதிலும் இவ்விதி பொருந்தும்.