இரண்டரை நூல்

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது உபயோகப்படும். மற்றவர்கள் ஒரு கிழவனின் அசட்டுத்தனம் என்று படித்துச் சிரிக்கலாம்.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். குமாஸ்தா வேலையும் அங்கேயே. ஓய்வு பெற்றபின் மனைவியின் ஊரான கம்பைநல்லூருக்கு வந்தோம். மாமனாரின் அம்பாசிடர் என் பொறுப்புக்கு வந்தது. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான வண்டி. அதன் மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. ஆகவே அதற்கு அங்குலக் கணக்கு, எனக்கு மில்லிமீட்டர் கணக்கு.

சென்ற வருஷம் அதன் பெட்ரோல் டியூப் வெடித்திருப்பதைப் பார்த்தேன். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது. புது டியூப் வாங்கப் போனேன்.

"எத்தனை நூல் சார்?" என்றார் கடைக்காரர்.

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கொத்தனார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வண்டிக்கு எத்தனை நூல் என்பது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பெரிதாக இருந்தால் பெட்ரோல் தாராளமாகப் போகும் என்று நினைத்து, "மூணு நூல்" என்றேன். வீட்டுக்கு வந்து நானே மாட்டி, கிளிப்பை இறுக்கினேன்.

இரண்டு நாள் கழித்து, மகளையும் பேரனையும் அழைத்துவர மொரப்பூர் ரயிலடிக்குப் போனேன். திரும்பும் வழியில் வண்டி இருமிக்கொண்டே நின்றுவிட்டது. உள்ளே பெட்ரோல் வாடை. பானட்டைத் தூக்கினால், கார்புரேட்டர் முனையில் டியூப் நனைந்திருந்தது. அதற்கு நேர் கீழே கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாய். பின் சீட்டில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். இருவரையும் இறக்கி, தூரமாக மரத்தடியில் நிற்கச் சொன்னேன். கை நடுங்கியது.

போன் செய்து வரவழைத்த மெக்கானிக் தம்பி டியூபைத் தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"சார், இரும்புக் குழாய்க்கு வெளி அளவு, ரப்பர் டியூபுக்கு உள் அளவு. உங்க குழாய் ரெண்டரை நூல். மூணு நூல் டியூபை மாட்டி இறுக்கினா மடிப்பு விழும். பம்புக்கு முன்னாடி அந்த மடிப்பு வழியா காத்தை இழுக்கும், ஒரு சொட்டும் ஒழுகாது, வண்டி மட்டும் நிக்கும். பம்புக்கு அப்புறம் பெட்ரோலே ஒழுகும்."

என் வண்டியில் இரண்டும் நடந்திருந்தது.

வீட்டில் கணக்குப் போட்டேன். இரண்டரை நூல் என்பது 7.94 மி.மீ.; 8 மி.மீ. டியூப் கச்சிதமாகப் பிடிக்கும். மூன்று நூல் 9.5 மி.மீ. தாராளமாகப் போகும் என்று நினைத்ததும் தப்பு. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் வண்டி 60 கி.மீ. வேகத்தில் ஓடினால், மணிக்கு 5 லிட்டர். நிமிஷத்துக்கு 83 மில்லி, ஒரு டீ கிளாஸ்கூட இல்லை. 8 மி.மீ. டியூபுக்குள் அது விநாடிக்கு 3 செ.மீ. கூட நகர்வதில்லை. எவ்வளவு உள்ளே விடுவது என்பதைக் கார்புரேட்டரில் உள்ள மிதவையும் ஊசியும் பார்த்துக்கொள்ளும். டியூப் பெரிதானால் பெட்ரோல் கூடாது.

ஆகவே, டியூப் மாற்றும்போது குழாயின் வெளி அளவை வெர்னியரில் அளந்து, அதே உள் அளவில் வாங்குங்கள். பத்மினி போன்ற இத்தாலிய வழி வண்டிகளுக்கு என் அளவை நம்பாதீர்கள், உங்கள் குழாயை அளந்து பாருங்கள். எத்தனால் தாங்கும் பெட்ரோல் டியூப்தானா என்று கேளுங்கள். தண்ணீர் டியூப் கூடவே கூடாது.

ஒரு விவரம் விட்டுப்போனாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பியே உத்தியோகம் பார்த்தவன் நான். கடையில் ஒரு கேள்வி கேட்கக் கௌரவம் பார்த்தேன். அதற்கு விலையாகப் பேரனைக் கொடுத்திருப்பேன்.

இப்போது யாராவது எத்தனை நூல் என்று கேட்டால், "தெரியலையே தம்பி, அளந்து சொல்லுங்க" என்கிறேன்.