நாலணாவும் கால் ரூபாயும்

பின்னக் கணக்கு என்றாலே ஐந்தாம் வகுப்பில் பாதி முகங்கள் வாடிவிடும். அதிலும் "சுருக்குக" என்று கேள்வி வந்தால் போச்சு! 25/100-ஐச் சுருக்கினால் 1/4. சுருக்கியதும் அளவும் குறைந்துவிட்டது என்றே பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். 25 எங்கே, 1 எங்கே!

தாத்தா பாட்டியைக் கேட்டால் சிரிப்பார்கள். இந்தியாவில் 1957 ஏப்ரல் 1-ம் தேதிக்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா. நாலணா என்றால் 4/16, அதாவது கால் ரூபாய். அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. கால் ரூபாய் 25/100 ஆகிவிட்டது. ஆனாலும் ஜனங்கள் அந்த 25 பைசாவை வெகுகாலம் நாலணா என்றுதான் சொன்னார்கள். (பாவம், அந்தக் காசும் 2011-ல் செல்லாமல் போயிற்று.) 4/16, 25/100, 1/4... பெயர்தான் மூன்று, பணம் ஒன்றே. சமான பின்னம் என்பது இவ்வளவுதான்.

ஒற்றை அணாதான் தகராறு செய்தது. 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25 பைசா வரும். அந்தக் கால் பைசாவுக்கு நாணயம் ஏது?

சரி, சுருக்குவது எப்படி? மேலே உள்ள தொகுதியையும் கீழே உள்ள பகுதியையும் ஒரே எண்ணால் மீதியின்றி வகுக்க வேண்டும். 25/100-ஐ 5-ஆல் வகுத்தால் 5/20, மறுபடியும் 5-ஆல் வகுத்தால் 1/4. இனி இரண்டையும் வகுக்க 1-ஐத் தவிர வேறு எண் இல்லை, நிறுத்திவிடலாம். கூட்டுவது மட்டும் கூடாது. 1/4-ல் மேலும் கீழும் 1-ஐக் கூட்டினால் 2/5. நாலணா 40 பைசா ஆகிவிடும். கடைக்காரர் சும்மா விடுவாரா?

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. 16/64-ல் மேலே ஒரு 6, கீழே ஒரு 6. இரண்டையும் அடித்துவிட்டால் 1/4. விடை சரி! 16-ஆல் முறையாக வகுத்தாலும் அதேதான். விடையை மட்டும் பார்த்துத் திருத்துகிறவர் முழு மதிப்பெண் போட்டுவிடுவார். அடுத்த கணக்கு 13/39. பிள்ளை அதே தைரியத்தில் இரண்டு 3-ஐயும் அடித்து 1/9 என்று எழுதும். 13-ஆல் வகுத்தால் வருவதோ 1/3. போன கணக்குக்குச் சரி போட்ட அதே பேனா இப்போது ஏன் தப்புப் போடுகிறது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?