தொய்ந்த புருவமும் ஒரு துண்டுப் பிரசுரமும்

சித்திரை விடுமுறையில் ஒரு நாள் பின்னேரம், எம்மிடம் முன்னர் படித்த மாணவி ஒருத்தி காரைதீவிலுள்ள எமது வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தாள். அயற்பட்டினம் ஒன்றில் அழகுக்கலை நிலையம் நடத்துகிறாளாம். புதிதாக ஒரு சேவையை ஆரம்பிக்கப் போகிறாளாம். அதற்குரிய துண்டுப் பிரசுரத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் எழுத்துப் பிழை பார்த்துத் தரவேண்டுமாம். “சேர்தானே எங்களுக்கு ஒற்றுப் படிப்பிச்ச நீங்க. பிழையோட அடிச்சா நாளைக்கு நீங்களே றோட்டில கண்டு ஏசுவீங்க” என்று சிரித்தாள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று தொண்டை வற்றக் கற்பித்ததற்கு இப்படியொரு பயன் வாய்க்கும் என்று நாம் எண்ணியதில்லை. மகிழ்ச்சியோடுதான் பேனாவை எடுத்தோம்.

‘கத்தி இல்லை, இரத்தம் இல்லை, தொய்ந்த புருவம் ஒரு மணி நேரத்தில் உயரும்’ என்று தொடங்கியது அந்தத் தாள். ‘திரெட் லிஃப்ட்’ என்ற ஆங்கிலப் பெயரே தலைப்பாக இருந்தது. இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டாள். நூல் உயர்த்தல் என்றால் தையற்காரனின் நினைவு வருகிறது. நூலேற்றம் என்றால் பட்டம் விடும் சிறுவர்களின் நினைவு வருகிறது. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் இது. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவருடைய ஊரில் தமிழ் கற்பித்துக்கொண்டு ஒரு சொல்லுக்கு இப்படித் தடுமாறுவது எமக்கே வெட்கமாக இருந்தது. ஈற்றில் ‘நூலிட்டுப் புருவம் உயர்த்தல்’ என்று எழுதிக் கொடுத்தோம். நீளமாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். நடப்பதை உள்ளபடி சொல்லும் பெயர் சற்று நீளமாகத்தான் இருக்கும் என்றோம்.

அப்படியாயின் என்னதான் நடக்கிறது? அவள் சொன்னதையும், பின்னர் நாம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். நெற்றியின் தோலுக்கடியில் மேலிருந்து கீழாக ஓடும் தசை ஒன்று உண்டு. புருவத்தை மேலே தூக்குவது அதுதான். கண்ணைச் சுற்றியுள்ள தசையும், புருவங்களுக்கு இடையிலுள்ள சிறு தசைகளும் அதைக் கீழே இழுக்கின்றன. வாழ்நாள் முழுவதும் நடக்கும் கயிறிழுத்தற் போட்டி இது. தூக்கும் தசை புருவத்தின் வெளிமுனை வரை முற்றாக எட்டுவதில்லை. ஆகவே வயது ஏறித் தோலின் இழுவிசை குன்றும்போது முதலில் சரிவது அந்த வெளிமுனைதான். இதற்கு மாற்றாகத் தலைமயிர் தொடங்கும் இடத்தில் ஊசியால் சிறு துளையிட்டு, விறைப்பு மருந்து ஏற்றி, நுண்ணிய முட்கள் கொண்ட நூலொன்றைத் தோலுக்கடியில் புருவம் வரை செலுத்துகிறார்கள். முட்கள் தோலடி இழையத்தைப் பற்றிக்கொள்ள, நூலை மேலே இழுத்து மிச்சத்தை வெட்டிவிடுகிறார்கள். 1990களின் பிற்பகுதியில் மாஸ்கோவில் மார்லென் சுலமனிட்சே என்ற அறுவை வைத்தியர் இத்தகைய முள்நூல்களை முகத்துக்குப் பயன்படுத்திப் பெயர் பெற்றார். இப்பொழுது பெரிதும் வழங்குவது பொலிடயொக்சனோன் என்னும் நூல். அறுவை வைத்தியர்கள் உடலின் உட்புறத்தைத் தைப்பதற்கு 1980களிலிருந்து பயன்படுத்தி வருவது அது; உடலிலுள்ள நீர்த்தன்மையால் சில மாதங்களில் தானே கரைந்து போவது.

நூல் கரைந்தபின் புருவம் என்ன செய்யும்? பெரும்பாலும் பழைய இடத்துக்கே வரும். ஓராண்டு நிற்கலாம், சிலருக்குச் சற்றுக் கூடலாம், சிலருக்குச் சில மாதங்களிலேயே இறங்கலாம். துண்டுப் பிரசுரத்தில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. குறித்திருந்த விலையோ எமது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்டது.

ஒற்றுக்களைத் திருத்திக்கொண்டே வந்தோம். கடைசிக்கு முதல் வரியில் பேனா நின்றது. ‘பக்க விளைவுகள் எதுவுமில்லை.’ இலக்கணப்படி அந்த வரியில் பிழை இல்லை.

“இது உண்மையா?” என்று கேட்டோம். “கொம்பனிக்காரங்க தந்த தாளில அப்படித்தான் சேர் இருந்த” என்றாள்.

வீக்கமும் கன்றலும் வருவது வழமை, அவை ஆறிவிடும். தோல் குழி விழலாம், நூலின் முனை வெளியே துருத்தலாம், கிருமி தொற்றலாம், இரு புருவங்களும் இரு உயரத்தில் நிற்கலாம். இவற்றிலும் பார்க்க எம்மைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. நெற்றித் தசையை இயக்கும் நரம்பின் கிளை, கன்னப்பொறியில் தோலுக்கு மிக அண்மையாகவே செல்கிறது. அதில் ஊசி பட்டால், உயர்த்த வந்த புருவம் ஒரேயடியாகச் சரிந்துவிடக்கூடும். காசு கொடுத்து எந்தக் குறையை நீக்க வந்தாளோ அதே குறையைப் பெரிதாக வாங்கிக்கொண்டு ஒருத்தி வீடு திரும்புவாள்.

நாம் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தத் தாளைக் கண்டவுடன் எமக்குள் எழுந்தது ஏளனமே. சோற்றுக்கு வழியற்ற நாட்டில் புருவம் உயர்த்தப் போகிறார்களாம் என்று வாய்க்குள் வந்ததை, எதிரிலிருந்தவள் எமது மாணவி என்பதால் விழுங்கிக்கொண்டோம். யார் இதற்கு வருவார்கள், பணக்கார வீட்டுப் பெண்களா என்று மட்டும் கேட்டோம்.

அவள் மறுமொழி எமக்குப் பாடமாயிற்று. “இல்ல சேர். கூடுதலா வெளிநாட்டுக்குப் போய் வந்த பொம்புளைகள்தான் கேட்டு வாறாங்க. பன்னெண்டு வருசம், பதினஞ்சு வருசம் குவைத்திலயும் சவூதியிலயும் வீட்டு வேலை செஞ்சவங்க. வந்து பாத்தா புள்ளைகளுக்கு முகம் தெரியாது. மாப்பிள்ளைக்கு இவங்க கிழவி மாதிரிப் போயிட்டாங்க. அந்த வருசங்களத் திருப்பித் தாங்க எண்டு ஆரிட்டக் கேக்கிற? எங்கிட்டத்தான் வந்து கேக்கிறாங்க.”

மற்றொருவர் வீட்டின் அடுப்படியில் ஒரு பெண்ணின் முப்பது வயதும் நாற்பது வயதும் எரிந்து போகின்றன. அவள் அனுப்பிய ரியாலும் தினாரும் இங்கே கல்வீடாகவும், தம்பியின் முச்சக்கர வண்டியாகவும், தங்கையின் சீதனமாகவும் மாறிவிட்டன. எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு தனக்கென்று அவள் முதன்முதலாக வாங்கும் பொருள் ஆறு மாதத்தில் கரைந்து போகும் ஒரு நூல். இதில் ஏளனம் செய்வதற்கு என்ன இருக்கிறது? உழைப்பைச் சுரண்டிய உலகம், சுரண்டியதன் அடையாளத்தை முகத்திலிருந்து அழிப்பதையும் ஒரு வியாபாரமாக்கி, அதே பெண்ணிடமே விற்கிறது. கோபம் அங்கே செல்லவேண்டுமேயன்றிக் கண்ணாடி முன் நிற்கும் பெண்மீது அன்று.

முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் எமக்கு ஒரு பழைய கடன் உண்டு. ஆசிரியத் தொழிலில் அது எமது முதலாவது ஆண்டு. ஏழாந்தரத்தில் ஒரு பையன். இடக்கண் எப்பொழுதும் பாதி மூடியிருக்கும். நாடியை உயர்த்தித் தலையைப் பின்னே சாய்த்து, புருவத்தை நெற்றிவரை தூக்கிக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பான். அந்த நிமிர்வு எமக்குத் திமிராகத் தோன்றியது. மூடிய இமை நித்திரையாகத் தோன்றியது. ‘நித்திரைக்காரன்’ என்று பெயரிட்டோம். வகுப்பே சிரித்தது. பல நாட்கள் எழுந்து நிற்க வைத்தோம். ஆண்டு முடியும் தறுவாயில் அவனுடைய அம்மம்மா பாடசாலைக்கு வந்தாள். தாய் வெளிநாட்டில். “அவன் நித்திரை கொள்ளல்ல மனே. பொறந்த நாளிலயிருந்து அந்தக் கண் அப்படித்தான். நிமிந்து பாத்தாத்தான் புள்ளைக்குத் தெரியும்” என்றாள். எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

பிறவி இமைத்தொய்வு என்பது அதன் பெயர். இமையைத் தூக்கும் தசை சரிவர வளராமையால் வருவது. இமை பார்வையை மறைக்குமாயின் அந்தக் கண்ணுக்குப் பார்க்கும் பழக்கமே ஏற்படாமல் போய்விடும்; மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் மீட்கலாம், பிந்தினால் கடினம். கொழும்பில் அரசாங்க வைத்தியசாலையில் அவனுக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. கட்டணம் ஒரு சதமும் இல்லை. இமையைப் புருவத்தின் மேலுள்ள நெற்றித் தசையோடு ஒரு நூல் கொண்டு பிணைத்துவிட்டார்கள். புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும். ஆம், அங்கேயும் நூல்தான். இமை நிமிர்ந்தது, ஆயினும் அந்தக் கண்ணின் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. நாம் இழந்தது ஓராண்டுதான், அதற்கு முந்திய பதினொரு ஆண்டுகளுக்கு நாம் பொறுப்பல்ல என்று சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறோம். அந்தச் சமாதானம் அரைகுறையாகவே நிற்கிறது.

இந்த விடயத்தை மாளிகைக்காட்டுத் தேநீர்க் கடையில் ஒரு மௌலவி நண்பரோடு பேசிக்கொண்டிருந்தோம். இறைவன் படைப்பை மாற்றலாமா என்பது அவர்களிடையே நெடுங்காலம் ஆராயப்படும் வினா. அவர் ஒரு ஹதீஸைச் சொன்னார். அர்பஜா என்பவருக்குக் குலாப் என்ற போரில் மூக்கு அறுபட்டுப் போயிற்று. வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார், அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் பணித்தார்கள். ஆண்கள் பொன் அணிவது விலக்கப்பட்ட மார்க்கத்தில் இந்த அனுமதி! இழந்ததைத் திரும்பப் பெறுவது வேறு, இருப்பதை விலைப்பொருளாக்குவது வேறு என்றார் நண்பர். எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்று கேட்டோம். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றார்.

அந்த எல்லைக்கோட்டை நினைக்கும்போதெல்லாம் எமக்கு வேலூர் நினைவுக்கு வருகிறது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த போல் பிராண்ட் என்ற அறுவை வைத்தியர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் வைத்தியசாலையில் மடங்கிய விரல்களோடு இருந்தவர்களைக் கண்டபின், தசைநாண்களை மாற்றிப் பொருத்தி அக்கைகளைத் திறக்க முற்பட்டார். நோய் தசையைத் தின்னவில்லை. உணர்ச்சி அற்றுப்போனமையால் ஏற்பட்ட காயங்களே உறுப்புக்களைச் சிதைத்தன என்பது அவர் கண்ட பேருண்மை. ஆயினும் கை திறந்தவர்கள் வேலை தேடிச் சென்று வெறுங்கையோடு திரும்பினார்கள். காரணம் முகம். சப்பையான மூக்கும், மயிர் உதிர்ந்த புருவமும் அவர்களைக் காட்டிக் கொடுத்தன. ஆகவே வைத்தியர்கள் மூக்குக்கும் புருவத்துக்கும் வந்தார்கள். மயிரோடு கூடிய உச்சித்தோலின் ஒரு துண்டை, அதற்கு இரத்தம் ஊட்டும் நாடி அறாமல், நெற்றித் தோலுக்கடியால் கொண்டுவந்து புருவமாகப் பதித்தார்கள். தலைமயிராதலால் அது வளர்ந்துகொண்டே போகும்; கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மறுத்துப் பெருமையோடு நீள வளர விட்டார்களாம்! அந்தப் புருவத்தை அழகுச் சிகிச்சை என்று தள்ளிவிட எவருக்கு மனம் வரும்? அது வேலைக்கும் ஊருக்கும் திரும்பிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு. மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் இந்நோயாளர்களைத் தனித்து வைத்திருந்த காலத்தை எமது மூத்தோர் அறிவர். இன்றும் இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது.

மாணவியிடம் திரும்புவோம். நூலிடுவது யார், வைத்தியரா என்று கேட்டோம். மாதம் ஒருமுறை ஒருவர் வருவார் என்றாள். சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “நானும் மூணு நாள் பழகினன் சேர். சேட்டிபிக்கட் இருக்கு” என்றாள்.

விறைப்பு மருந்தை ஏற்றித் தோலுக்கடியில் ஊசி செலுத்துவது வைத்தியம். மருத்துவச் சபையில் பதிவு பெற்றவர் செய்யவேண்டியது. இதை நாம் கடுமையாகவே சொன்னோம். அவள் அழவில்லை, கணக்குச் சொன்னாள். நிலையத்துக்கு வாங்கிய கடன், மாதாந்தத் தவணை, தாயின் நீரிழிவு, வேலை இல்லாத தம்பி. உயர்தரத்தில் நல்ல பேறு பெற்றும் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளியில் தவறியவள் அவள். “நீங்க படிப்பிச்ச தமிழ வெச்சு நான் என்ன சேர் செய்யிற?” என்று கேட்டாள். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. இப்பொழுதும் இல்லை.

எம்மால் இயன்றது ஒன்றுதான். ‘பக்க விளைவுகள் எதுவுமில்லை’ என்ற வரியை வெட்டி, வரக்கூடியவற்றையும், பலன் நிலையானதன்று என்பதையும் எழுதினோம். கீழே மேலும் ஒரு வரி சேர்த்தோம்: ஒரு பக்கத்துப் புருவமோ இமையோ திடீரெனத் தொய்ந்தால், மாலையில் தொய்வு கூடினால், பொருள்கள் இரண்டாகத் தெரிந்தால், அது அழகுக் குறைபாடு அன்று; உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். அந்தப் பையனின் கதையையும் அவளுக்குச் சொன்னோம். அவன் அவளுக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவன். அவளும் அவனை ‘நித்திரைக்காரன்’ என்றே அழைத்தவளாம்.

வைகாசியில் துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்தது. ஒற்றுக்கள் யாவும் நாம் திருத்தியவாறே இருந்தன. தலைப்பு ஆங்கிலப் பெயர்தான். ‘பக்க விளைவுகள் எதுவுமில்லை’ என்ற வரி மீண்டும் வந்திருந்தது. நாம் சேர்த்த வரிகள் இல்லை.

ஆவணியில் ஒரு நாள் இரவு அவள் தொலைபேசியில் அழைத்தாள். சவூதியிலிருந்து திரும்பிய பெண் ஒருத்தி புருவம் உயர்த்த வந்தாளாம். ஒரு கண் மட்டும் தொய்ந்திருந்ததாம். காலையில் சரியாக இருக்கும், பின்னேரம் ஆக ஆகக் கீழே விழும் என்றாளாம். எமது மாணவி நூலைத் தொடவில்லை. நிலையத்தைப் பூட்டிவிட்டு அப்பெண்ணை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கல்முனை வைத்தியசாலைக்குத் தானே கூட்டிச் சென்றிருக்கிறாள். நரம்பின் ஏவல் தசைக்குச் சரிவர எட்டாத ஒரு நோயாம். கவனியாது விட்டால் விழுங்கும் தசைக்கும் மூச்சுத் தசைக்கும் பரவக்கூடியதாம். இப்பொழுது மருந்து கொடுக்கிறார்களாம்.

“அந்தத் தாளை இன்னும் கொடுக்கிறாயா?” என்று கேட்டோம்.

“இன்னும் ஐந்நூறு கிடக்கு சேர்” என்றாள்.