கண்ணகி நகரில் ஒரு காலை

பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்து துரைப்பாக்கத்தில் உள்ளே திரும்பினால் கண்ணகி நகர். பெரிய பெரிய குழந்தை முகங்கள் சுவரிலிருந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன. 2020 தொடக்கத்தில் ஓவியர்கள் வந்து இந்தக் குடியிருப்புச் சுவர்களில் வரைந்தவை. வண்ணம் காய்ந்த சில வாரங்களில் ஊரடங்கு வந்துவிட்டது.

சென்னையின் ஆற்றங்கரை, கால்வாயோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000-லிருந்து இங்கே குடியமர்த்தினார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லை. எங்கள் வீட்டு ஹாலைவிடச் சின்னது என்று மனசு கணக்குப் போட்டது, போட்டிருக்கக் கூடாது.

மாடிப்படியின் கீழே இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஊரடங்குக்கு முன்பு அடையாறில் நாலு வீட்டில் வேலை செய்தவர்.

“கொரோனா முடிஞ்சதும் கூப்பிடுறோம்னாங்க கண்ணு. போனைக் கையிலயே வெச்சுனு இருந்தேன். மூணு வீட்ல கூப்பிடவே இல்ல.”

அப்போது மனசு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“மனசா?” சிரித்துவிட்டார். “தூக்கம் வராது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கொரோனாதான் வந்துடுச்சோன்னு அது ஒரு பயம். ஜுரம் பாக்க வூடு வூடா வந்தவங்க, நார்மல்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

தூக்கம் வருகிறதா என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை போலிருக்கிறது.

2020 மார்ச் 24 மாலையோடு டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், சிலருக்கு இல்லாதவை கண்ணில் தெரியும். உடனே வைத்தியம் பார்க்க வேண்டிய நிலை அது. எதிர்வீட்டுக்காரர் அப்படிப் பிதற்றியபோது, மந்திரிக்கத்தான் ஆள் தேடினார்களாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-லிருந்து இருக்கிறது. அன்றைக்குப் போக பஸ் இல்லை.

ஆகஸ்ட் 18-ல் சென்னையில் கடைகள் திறந்தன. “அன்னிக்கு ராத்திரியே எங்க பிளாக்ல அடிதடி சத்தம்” என்றார் அக்கா, இட்லித் தட்டைக் கவிழ்த்தபடி.

வீட்டில் ஆறு பேர். ஊரடங்கில் எல்லோரும் இருபத்துநாலு மணி நேரமும் உள்ளேயே. அழ வேண்டுமென்றால்கூடத் தனியாக இடம் வேண்டுமே? விடிகாலையில் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் வரிசைக்கு முதல் ஆளாகப் போய்விடுவாராம். “மாஸ்க் போட்டுனு இருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

இட்லிக்குக் காசு கொடுத்தபோது வாங்க மறுத்தார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன். பேசிக்கொண்டிருந்த அரை மணியில் நாலு தடவை கொட்டாவி விட்டார். இப்போதும் சரியாகத் தூக்கமில்லையாம்.

14416 என்று ஓர் எண் இருப்பதைச் சொன்னேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். “பைத்தியத்துக்குப் பாக்குறவங்களா?” என்று முதலில் பின்வாங்கினார். தூக்கம் வராவிட்டாலும் பேசலாம் அக்கா என்றதும் போனை நீட்டினார்.

எண்ணைப் பதிந்துவிட்டு, என்ன பேர் போடட்டும் என்று கேட்டேன்.

“தூக்கம்னு போடு.”