வாட்டமும் அலையும்

வந்ததும் வராததுமாக ஆசாரி ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். வெயிலில் வந்தவர் என்று அம்மா அவசரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் கூடத்தின் நடுவே அப்படியே ஊற்றினார். அம்மா துணி எடுக்க ஓடினாள்.

"இருங்கம்மா, எங்க போகுதுன்னு பாப்போம்."

தண்ணீர் பின்கதவைப் பார்த்து நகர்ந்தது. பாதி வழியில் ஓரிடத்தில் தேங்கி, பிறகு இடப்பக்கம் திரும்பி ஓடியது. திரும்பிய இடத்தில் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டார்.

வேளச்சேரியில் தங்கை வீடு அது. தொண்ணூறுகளில் கட்டிய தரைத்தளம், கண்ணாடிப் பட்டை வைத்த மொசைக் தரை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மூங்கில் பலகை போட வேண்டுமென்று அவளுக்கு ஆசை. அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட, மேற்பார்வை என்ற பெயரில் நான். பலகைப் பெட்டிகள் முன்பே வந்து படுக்கையறைச் சுவரில் சாய்ந்து நின்றன. ஆசாரி முதலில் அவற்றைப் படுக்க வைத்தார், இரண்டு முனைகளையும் பிரித்துவிட்டார், மின்விசிறியைப் போட்டார். "நின்னா வளைஞ்சிரும். இந்த வீட்டுக் காத்தை ஒரு வாரமாவது குடிக்கட்டும். ராத்திரி ஏசி போடுவீங்கன்னா இப்பவும் போடுங்க."

மூங்கில் மரமல்ல, புல். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பிய மரபியலே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருப்பதில் அந்தப் புறவைரம் இல்லை. பச்சைத் தோலைச் சீவி எறிந்து, நாரை நசுக்கிப் பிரித்து, பிசின் கலந்து, பெரிய அழுத்தத்தில் கட்டையாக்கி அறுத்த பலகை. கல் மாதிரி கனக்கிறது. அத்தனை செய்தும் ஈரம் கண்டால் உப்புவதும், காய்ந்தால் சுருங்குவதும் போகவில்லை. சுவரோரம் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைப்பது அதனால்தான்.

ஆசாரிக்குச் செய்யாறு பக்கம். கதவு, ஜன்னல் என்று ஆரம்பித்தவர். தேக்கில் கதவு செய்யச் சொல்லும் ஆட்கள் குறையக் குறையத் தரை வேலைக்கு வந்துவிட்டார். கூட ஓர் அசாம் பையன். தமிழ் அரைகுறை, கை சுத்தம்.

அலுமினியப் பட்டியைத் தரையில் வைத்ததும் பையன் கன்னம் தரையில் படக் குப்புறப் படுத்தான். ஆசாரி பட்டிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைக் காட்டினார். அடியில் ஒளி கசிந்தால் அங்கே பள்ளம். பெருக்கல் குறி போட்ட இடத்தில் வெளிச்சம் பிறை மாதிரி வீங்கித் தெரிந்தது. ஸ்டீல் ஸ்கேலைச் செருகிப் பார்த்தால் ஏழு மில்லி. ஆறடி நீளத்துக்கு மூன்று மில்லிதான் தாங்குமாம்.

ரசமட்டம் வைக்கவில்லையே என்று கேட்டேன், கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக.

"மட்டம் வேணாம் சார், சமம் போதும். ஒரே சீரா வாட்டம் இருந்தா பலகை அதோட படுத்துக்கும். அலைதான் கூடாது. மிதிக்க மிதிக்க பலகையைக் கோக்குற லாக் ஒடஞ்சிரும்."

நம் கொத்தனார்கள் தரையில் வாட்டம் விடுவது வீடு கழுவுவதற்காக. வெள்ளிக்கிழமை வாளி வாளியாக ஊற்றினால் தானாக வெளியே ஓட வேண்டும். இரண்டு பக்க வாட்டமும் சேருகிற இடத்தில் ஒரு மடிப்பு விழுந்துவிடும். மேட்டைக் கிரைண்டரால் தேய்த்து, பள்ளத்தில் தானே பரவி நிற்கிற கலவையை ஊற்றி அந்த மடிப்பை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஓதம் பார்க்கணும் என்றார்.

ஒன்றரை அடிச் சதுரமாக ஆறு பிளாஸ்டிக் தாள்கள். நாலு ஓரமும் டேப் ஒட்டி, அங்கங்கே தரையில் பதித்துவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் வந்து பார்த்தால் ஐந்து தாள் காய்ந்து கிடந்தன. குளியலறைச் சுவரோரம் ஒட்டிய ஆறாவது தாளின் அடியில் மட்டும் இட்லிப் பானை மூடி மாதிரி முத்து முத்தாக நீர்.

"வெள்ளத்துல முட்டி வரைக்கும் நின்னுச்சு தம்பி" என்றாள் அம்மா. 2015-ஐச் சொல்கிறாள். அந்த வீட்டில் எது கெட்டாலும் அவளுக்கு அதுதான் காரணம்.

ஆசாரி ஒரு ரூபாய் நாணயத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், பிறகு பொத். எப்போதோ குழாய்க்காகத் தோண்டி சிமென்ட் பூசிய இடம். "அந்தத் தண்ணி இல்லம்மா. இது இன்னிக்குக் காலைல நீங்க குளிச்ச தண்ணி." உளியால் நெம்பினார். உள்ளே மணல் கறுத்து நசநசவென்று இருந்தது.

பிளம்பர் வந்து இணைப்பை மாற்ற ஒரு நாள். பிறகு பூசிய ஒன்றரை அங்குல சிமென்ட் காய வேண்டும். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு. தங்கை போனில் கத்தினாள். இரண்டு நாள் வேலை என்றுதான் கடையில் சொல்லியிருந்தார்களாம். வாட்டர்ப்ரூஃப் அடித்துவிட்டுப் போடக் கூடாதா?

"போட்டுரலாம் மேடம். ஆடியில என்னைத் தேடுவீங்க."

பரப்புகிற சதுர அடிக்குத்தான் அவருக்குக் கூலி. சொம்பு ஊற்றியதற்கும், நாணயம் தட்டியதற்கும், காத்திருக்கச் சொன்னதற்கும் பைசா கிடையாது. அவசரப்படுகிறவனுக்குத்தான் லாபம் என்று கூலியை வகுத்தவன் யாரோ, அவன் ஒரு நாளாவது தரையில் குப்புறப் படுத்துப் பார்த்திருக்க மாட்டான்.

சாப்பாட்டு வேளையில் பையனிடம் ஊரைப் பற்றிக் கேட்டேன். தேமாஜி, மிசிங் இனம். அவன் வீடும் மூங்கில் தரைதானாம்: கால் நட்டு உயரத்தில் கட்டிய சாங் கர், பிளந்து விரித்த மூங்கில். "தண்ணி ஊத்து, கீழ போகும். ஆறு வந்தா, கீழயே போகும்" என்று சிரித்தான். பெட்டிகளைக் காட்டி, "இது ரொம்ப பயம் அண்ணா" என்றான்.

ஏழு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி தாள் ஒட்டி, காய்ந்ததைப் பார்த்த பிறகுதான் கலவையே கலக்கினார்கள். அதன்மேல் பாலித்தீன் விரிப்பு, ஓரங்களை எட்டு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி. பலகை உயரத்துக்குக் கதவுகளின் அடியை அறுத்தார். நிலைக்கால்களின் அடியிலும், ஒரு துண்டுப் பலகையை அளவுக்கு வைத்து, ரம்பம் ஓட்டினார். பூஜையறைக்கு வந்ததும் அம்மா மஞ்சள் பூசிய நிலைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஆசாரி மறுபேச்சுப் பேசவில்லை. அங்கே மட்டும் இடைவெளி விட்டுப் பித்தளைப் பட்டை பதித்தார். பலகை பரப்பி முடிக்க ஒன்றரை நாள்கூட ஆகவில்லை.

சமையலறையில் மொசைக்கை விட்டுவைத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை அம்மா அங்கே இரண்டு வாளி ஊற்றினாள். கூடத்துப் பலகையை நெருங்கிய நீரைத் துடைப்பத்தால் ஒரு தள்ளுத் தள்ள, பழைய வாட்டத்தில் அது பின்கதவுக்கு ஓடியது.