வெடிப்புக்குள் ஒரு சோளத்தட்டை

சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரைத் தன் ‘வெளிக்கல்வி நாளுக்கு’ அழைத்தது. இரண்டு பேருந்துகளில் பிள்ளைகள் கண்மாய்க்கரைக்குப் போனார்கள். இறங்குமுன்பே ஆளுக்கொரு அச்சடித்த தாள். ‘கரிசல் மண் வெடிப்பது ஏன்?’ விடை முதல் நாளே வகுப்பில் எழுதிப் போட்டாயிற்று. கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதும். நாற்பது நிமிடத்தில் பேருந்துகள் திரும்பிவிட்டன. அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அதே கேள்விக்கு, முன்பு அவரிடம் படித்த பிள்ளைகள் ஏழு மாதம் எடுத்துக்கொண்டவர்கள்.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. அதன் சிறப்புப் பள்ளி ஒன்றில்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். தீப்பெட்டி ஒட்டிய கைகளோடு வந்த பிள்ளைகள். அரை நாளில் எத்தனை குரோஸ் (144 பெட்டி) ஒட்டலாம் என்று மனக்கணக்காய்ச் சொல்வார்கள். 144ஐப் பன்னிரண்டால் வகுக்கச் சொன்னால் விழிப்பார்கள். வரிசையாக உட்காரவைத்தால் பள்ளியும் அவர்களுக்கு இன்னொரு பட்டறைதான். அதனால் மதியத்துக்கு மேல் காட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஒரு பங்குனியில், அறுப்பு முடிந்த கரிசல் காட்டில், பத்து வயதுப் பையன் ஒருவன் வெடிப்புக்குள் சோளத்தட்டையை விட்டான். முழுத் தட்டையும் உள்ளே போய்விட்டது.

“டீச்சர், இங்கிருந்த மண்ணு எங்க போச்சு?”

பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லாமல் விழுங்கியதுதான் அவர் கற்ற வேலையிலேயே கடினமானது. அதைக் கற்றுத்தந்தவர் ஒரு வயதான தலைமையாசிரியர். “கேள்வி அவனோடதும்மா. அதை நீங்க வாங்கிக்கிட்டா அவன்கிட்ட என்ன மிஞ்சும்?” என்பார். எத்தனையோ நாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றதாக ஆசிரியை சொல்கிறார்.

பிள்ளைகள் வாராவாரம் தட்டையை விட்டு ஆழம் பார்த்தார்கள். எறும்பு தூக்கிப்போனது என்றான் ஒருவன். வெயில் தின்றுவிட்டது என்றான் இன்னொருவன். ஒரு சிறுமி காய்ந்த கட்டி ஒன்றைச் சிரட்டையில் ஊறப்போட்டு, கரியால் கோடு இழுத்துவைத்தாள். மறுநாள் மண் கோட்டுக்கு மேலே நின்றது. ஐப்பசி மழையில் வெடிப்புகள் மூடிக்கொண்டபோது அவள் சொன்னாள்: “மண்ணு எங்கயும் போகல டீச்சர். தண்ணியில்லாம ஒல்லியாயிருந்துச்சு.” களிமண் நீர் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பதை இதைவிடச் சரியாக எந்தப் பாடநூலில் அவர் படித்தார்? மேற்பார்வைக்கு வந்த அதிகாரியோ, “இது எந்தப் பாடம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோதும், பிறகு மாநிலம் முழுதும் பரவியபோதும் அவர் மகிழ்ந்தார். ஆனால் பல இடங்களில் அதன் கற்றல் அட்டைகள் கசங்கக்கூடாது என்று அலமாரியில் பூட்டிவைத்தார்கள். சிறப்புப் பள்ளித் திட்டமும் 2021இல் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

ஓய்வுக்குப் பின் அவர் திருவண்ணாமலை போய், 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியைப் பார்த்தார். சின்னப் பள்ளி. பாடத்தோடு பண்ணை வேலை, கைத்தொழில், மலையேற்றம். மொட்டையாய்க் கிடந்த அண்ணாமலையில் மரம் வளர்க்கும் பணியிலும் பிள்ளைகளுக்குப் பங்குண்டு. அங்கே அவர் முதலில் கவனித்தது மலையை அல்ல. கேள்வி கேட்ட பிள்ளையின் பக்கத்தில் பேசாமல் குந்தியிருந்த பெரியவரைத்தான்.

சிவகாசி அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் கரிசலுக்கும் கண்மாய்க்கும் பஞ்சமில்லை. பள்ளி நடத்துகிறவர்களிடம் அவர் கேட்பது இவ்வளவே: வாரத்தில் ஒரு பிற்பகலைக் கால அட்டவணையில் ஒதுக்குங்கள். பேருந்து வேண்டாம், நடந்தே போங்கள். தாளைப் பள்ளியிலேயே வைத்துவிடுங்கள்.