கோல், நொல்ச்சே, கம்பிச்சுருள்

வங்காள மொழியில் ‘கோல் நொல்ச்சே பால்ட்டானோ’ என்றொரு மரபுத்தொடர் உண்டு. அமைச்சரவை மாற்றியமைக்கப்பட்டாலும், பல்கலைக்கழகப் பாடத்திட்டம் திருத்தப்பட்டாலும், கால்பந்துக் கழகமொன்று பயிற்றுநரோடு பாதி ஆட்டக்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பினாலும் கொல்கத்தாவில் இந்தத் தொடர் வாயில் வந்துவிடும். அடியோடு மாற்றுதல் என்பது பொருள். இதிலுள்ள ‘கோல்’ தமிழின் கோல் அன்று. உக்காவின் அடியில் நீர் நிற்கும் ஓட்டைக் குறிக்கும் சொல் அது. வங்காளத்தின் எளிய உக்காவில் அது தேங்காய்ச் சிரட்டை. ‘நொல்ச்சே’ அதன்மேல் நிற்கும் குழல். இரண்டையும் மாற்றிவிட்டால் பழைய உக்காவில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. மெய்யியல் வகுப்பில் தெசியசின் கப்பலைக் கொண்டு விளக்குவதைக் கொல்கத்தாவில் இந்த உக்காவைக் கொண்டே விளக்கிவிடலாம்.

இத்தொடரை நாள்தோறும் ஆளுகிற இளைஞர்களுள் பெரும்பாலோர் சிரட்டை உக்காவைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். பொருள் போய்விட்டது, தொடர் நிற்கிறது. இதன் மறுதலையும் இதே நகரத்தில் நடந்திருக்கிறது: பொருள் வந்தது, அதற்குரிய சொற்கள் வேர்பிடிக்கவே இல்லை. மின்சிகரெட்டின் கதை அது. குறிப்பாக, தன் கையாலேயே கம்பி சுற்றிப் புகைமூட்டம் எழுப்புவோர் ஆண்ட அட்டமைசரின் கதை.

ஆயத்தமாகக் கடையில் கிடைக்கும் மின்சிகரெட்டில் சூடேறும் உறுப்பு அடைத்துவைக்கப்பட்டிருக்கும். கெட்டுப்போனால் எறிந்துவிட வேண்டியதுதான். மீளக் கட்டத்தக்க அட்டமைசர் அப்படிப்பட்டதன்று. அதன் மேடையில் இரண்டு திருகுமுனைகள் மட்டுமே இருக்கும். மெல்லிய கம்பியை வெட்டி, ஓர் எஃகுக் குச்சியின்மீது ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முனைகளில் இறுக்கி, நடுவே பஞ்சுத் திரியைச் செருகுவது உரியவரின் வேலை. பஞ்சு கிளிசரின் கலந்த நீர்மத்தை உறிஞ்சும், மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கும், நீர்மம் ஆவியாகும். திரியை மிகுதியாக அடைத்தால் நீர்மம் ஏறாமல் பஞ்சு கருகும். குறைவாக வைத்தால் ஒழுகும். நம் அகல்விளக்குக்குத் திரி திரிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கைவேலையின் இலக்கணம் ஓமின் விதி. முழுதும் மின்னேற்றிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் தரும். சுருளின் தடை 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர் மின்னோட்டமும் ஏறத்தாழ 35 வாட் வெப்பமும் கிடைக்கும். தடையைப் பாதியாக்கினால் மின்னோட்டம் இருமடங்காகும். மின்கலம் தாங்குமா என்பதை அளவியில் பார்க்காமல் சுற்றுகிறவருடைய கையிலோ பையிலோ அது வெடிக்கவும் கூடும். ஆகவே கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, உலோகக் கலவை ஆகியவை பற்றி இத்துறையினர் பேசும் பேச்சு புலவர்கள் சீர் தளை பேசுவதைப் போன்ற துல்லியம் உடையது.

கம்பிகளின் பெயர்களும் சுவையானவை. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்குரோம் 1905-இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் கண்டது. ரொட்டி வாட்டும் மின்கருவி உலகுக்கு வந்தது அதன் தயவால். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த மற்றொரு கலவையின் வணிகப்பெயர் காந்தல். அதைக் காணும் தமிழ் மாணவர் எவரும் ஒரு நொடி நின்றுவிடுவார். சட்டியின் அடியில் தீய்ந்து பிடித்ததற்கு நாம் இட்ட பெயரும் அதுவே அல்லவா? சூடேற்றும் கம்பிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது. ஆனால் இது முழுத் தற்செயல். சுவீடனைச் சேர்ந்த கான்ட்சோ என்பவரின் பெயரையும் ஹால்ஸ்டாஹம்மர் என்னும் ஊரின் பெயரையும் ஒட்டிச் செய்த சொல் அது. ஒலியொப்புமையைக் கொண்டு உலக மொழிகளையெல்லாம் தமிழில் முடிந்துவிடத் துடிப்போர் மேசைமீது இக்கம்பியை ஒரு முழம் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: தடித்த கம்பியின்மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யும் சுருளுக்குக் ‘கிளாப்டன்’ என்று பெயர். கித்தார் நரம்பைப் போலிருப்பதால் எரிக் கிளாப்டனின் பெயர் அதற்கு வந்தது.

கம்பிச்சுருள் கொல்கத்தாவின் புகைக்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கம்பெனி அதிகாரிகள் உக்காவில் பூட்டிய நீண்ட, வளையும் குழலை ஆங்கிலத்தில் ‘பாம்பு’ என்றே அழைத்தனர். அது வளைந்தும் மடியாமல் இருந்ததற்குக் காரணம் உள்ளே ஓடிய கம்பிச்சுருள். அதன்மேல் துணியும், செல்வர் வீட்டில் பட்டும் வெள்ளிச் சரிகையும் சுற்றப்பட்டன. குழல் செய்வது தனித்தொழிலாகவே இருந்தது. நைச்சாபந்த் என்பது அத்தொழிலாளரின் பெயர். நொல்ச்சே என்னும் வங்காளச் சொல் இந்த ‘நைச்சா’வின் உறவு. வெப்பத்துக்காகச் சுற்றப்படும் சுருளும் மூச்சுப் போகும் வழிக்காகச் சுற்றப்பட்ட சுருளும் ஒன்றல்லதான். எனினும் புகைப்பவரின் வாய்க்கும் நெருப்புக்கும் இடையே ஒருவரின் விரல்கள் பொறுமையோடு சுற்றிய கம்பி இருந்தது என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

அந்த விரல்கள் எவருடையவை என்பதில்தான் வேறுபாடு. 1779 அக்டோபரில் வாரன் ஹேஸ்டிங்ஸ் இணையர் கல்கத்தாவில் நடத்திய இசைவிருந்தின் அழைப்பிதழ், விருந்தினர் தம் உக்காபர்தாரைத் தவிர வேறு பணியாளர் எவரையும் உடன் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இதைக் காணலாம். (பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், 1886-இல் அகராதி அச்சேறுவதற்குமுன் 1882-இலேயே மறைந்துவிட்டார்.) பாரசீகத்தில் ‘பர்தார்’ என்றால் ஏந்திச் செல்பவர். உக்காபர்தார் வெறுமனே ஏந்தியவர் அல்லர். வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்த புகையிலையை மண்கிண்ணத்தில் பதமாக வைப்பது, கரிவில்லையைத் தணலாக்கி அதன்மேல் இருத்துவது, குழலுக்குள் நீர் தெளித்து ஈரம் காப்பது, இரவு முழுதும் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே தணலைக் கவனிப்பது எல்லாம் அவர் பணி. இவ்வளவு தேர்ச்சியுடைய இவருள் ஒருவர் பெயரைக்கூட அந்த அழைப்பிதழ் சொல்லவில்லை. சொல்லியிருக்க இயலாது என்பதும் உண்மையே.

புகையிலையை இவ்வாறு ஆயத்தம் செய்வதை வங்காளம் ‘தாமாக் சாஜா’ என்கிறது. வெற்றிலை மடிப்பதற்கும் ‘சாஜா’தான், ஒப்பனை செய்தலைக் குறிக்கும் அதே வினை. புகைப்பதை அது உண்ணுதல் என்கிறது: ‘தாமாக் காவா’. சோறு, தேநீர், நீர், சிகரெட், முத்தம் அனைத்தும் அங்கு உண்ணப்படுபவையே. தமிழ்நாட்டில் புகை பிடிக்கிறார்கள், பீடி குடிக்கிறார்கள். ஈழத்தில் சுருட்டுப் பத்துகிறார்கள். தாமாக் என்ற பெயர் போர்த்துகீசியரோடு வந்த சொல்லின் வழிவந்தது. தமிழோ அதைத் தள்ளிவைத்துப் ‘புகையிலை’ என்று கூட்டுச்சொல்லைச் செய்துகொண்டது. மேற்காசியாவில் உக்காவுக்கு வழங்கும் ‘நார்கிலே’ தேங்காயைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது; அதற்கு மூலம் சம்ஸ்கிருதத்தின் நாரிகேளம். கண்ணாடிக் குடுவையில் புகைக்கும் துருக்கியர் தம் கருவியைத் தேங்காய் என்று அழைப்பதை அறிந்திருப்பரோ என்னவோ, வங்காளி உண்மையாகவே தேங்காயில்தான் புகைத்தான்.

மேற்கொண்டு சொல்ல வேண்டியது மண்கிண்ணத்தைப் பற்றி. வடஇந்தியா அதைச் சிலம் என்கிறது; தமிழில் சிலும்பி, அதுவும் இன்று கஞ்சாவோடு ஒட்டிக்கொண்டு மானமிழந்து நிற்கிறது. வங்காளத்தில் அதன் பெயர் கொல்க்கே. ‘கொல்க்கே பாவா’, அதாவது கொல்க்கே கிடைத்தல், என்றால் அவையில் மதிப்புப் பெறுதல். நல்ல கட்டுரை எழுதியும் எவரும் கண்டுகொள்ளாத ஆய்வாளர் ‘கொல்க்கே கிடைக்கவில்லை’ என்று புலம்பலாம். கூடியிருக்கும் வட்டத்தில் கிண்ணம் கைமாறி வரும். எவர் கையில் அது வைக்கப்படுகிறதோ அவர் அந்த வட்டத்தின் ஆள். வைக்கப்படாதவர் யார் என்பதை இந்த இனிய மரபுத்தொடர் சொல்வதில்லை. உக்காவும் நீரும் நிறுத்துதல் என்பது வடநாட்டில் சாதிநீக்கத்துக்கே பெயர்.

கொல்கத்தாவின் சிம்லாப் பகுதியில், கௌர்மோகன் முகர்ஜி தெருவில் வாழ்ந்த வழக்கறிஞர் விசுவநாத தத்தரின் வரவேற்பறையில் கட்சிக்காரர்களுக்காகச் சாதிக்கொன்றாக உக்காக்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. முஸ்லிம்களுக்குத் தனியே ஒன்று. அவருடைய மகன் நரேந்திரன், பின்னாளின் விவேகானந்தர், ஒருநாள் அறையில் எவரும் இல்லாதபோது எல்லாவற்றிலும் ஒவ்வொன்றாக வாய்வைத்துப் பார்த்தான் என்றும், தந்தை கேட்டபோது சாதியை மீறினால் என்ன ஆகிறது என்று சோதித்ததாகச் சொன்னான் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வளர்ந்து துறவியான பின் பிருந்தாவனம் செல்லும் வழியில் ஒருவர் சிலம் புகைப்பதைக் கண்டு கேட்டார். தாம் துப்புரவுத் தொழிலாளி என்று அவர் தயங்கவே, விவேகானந்தர் நடையைக் கட்டிவிட்டார். சற்றுத் தொலைவு சென்றபின் தம் துறவு நினைவுக்கு வந்து, திரும்பி வந்து, அவரிடமே கேட்டு வாங்கிப் புகைத்தார். இரண்டு கதைகளிலும் மதிப்புமிக்கது இரண்டாவது. சிறுவனுக்கு எளிதாக இருந்தது துறவிக்குச் சில அடிகள் தடுமாற்றமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்வதால்.

உக்காவிலிருந்து இத்தனை தொடர்களும் கதைகளும் பிறந்ததற்கு அது கூடத்தின் நடுவில் இருந்ததே காரணம். சுகுமார் ராய் 1923-இல் வெளிவந்த ‘ஆபோல் தாபோல்’ நூலில் சிரிப்பறியாத விலங்கொன்றைப் படைத்தபோது அதற்கு உக்காமுகம் கொடுத்தார். எல்லோர் வீட்டிலும் இருந்த பொருள் என்பதால் குழந்தைக்கு உரை தேவைப்படவில்லை. கம்பிச்சுருளோ தனியொருவரின் மேசைவிளக்கின் கீழ் சுற்றப்படுவது. அதைத் தன் கையாலேயே செய்துகொள்கிறார் என்பது ஒருவகையில் மேன்மை. பின்னால் நின்று தணல் காக்க அங்கே வேலையாள் இல்லை. ஆனால் வட்டமும் இல்லை.

இருந்த சிறு வட்டத்தையும் 2019 கலைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மின்சிகரெட் தடையை அறிவித்தார். டிசம்பரில் அவசரச் சட்டத்தின் இடத்தை முழுச்சட்டம் எடுத்துக்கொண்டது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். புகைப்பதைத் தனிக்குற்றமாகச் சட்டம் குறிப்பிடவில்லை. ஆனால் முழுக்கருவியாயினும் அதன் எந்தப் பகுதியாயினும் என்று அது பேசுவதால், வீட்டில் தனக்கென ஐந்து சுற்றுக் கம்பி சுற்றுபவரும் உற்பத்தியாளர் ஆகிவிடலாம். சொற்பொருளியல் மாணவர்கள் அதன் வரையறைப் பிரிவைப் படித்துப் பார்க்கலாம். ‘மின்-உக்கா’வையும் அது பெயர் சொல்லி விலக்குகிறது.

கரி எரியும் உக்காவை அது தொடவில்லை. 2022 டிசம்பரில் கொல்கத்தா மேயர் ஃபிர்ஹாத் ஹக்கீம் உக்கா விடுதிகளை மூடச் சொன்னார். விடுதியாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். தடைசெய்யும் சட்டம் இல்லாமல் மூட இயலாது என்று 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கரியின் கார்பன் மோனாக்சைடை நீர் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை பொய் என்பதை மருத்துவம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

கம்பிச்சுருள் தீங்கற்றது என்று இதனால் ஆகிவிடாது. சூடேறும் சுருளிலிருந்து நிக்கலும் குரோமியமும் ஆவியில் கலப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன; பள்ளிப் பிள்ளைகள் பழச்சுவை நீர்மங்களால் நிக்கோட்டினுக்கு அடிமையாவது பெற்றோரின் வீண் அச்சம் அன்று. தடையை ஆதரிக்க நியாயங்கள் உண்டு. ஆனால் அந்த நியாயங்கள் யாவும் பீடிக்கும் சிகரெட்டுக்கும் பன்மடங்கு பொருந்துவன. தடை அறிவிக்கப்பட்ட நாளில் சிகரெட் நிறுவனங்களின் பங்குவிலை ஏறியது. 1910-இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் கல்கத்தாவில் தொடங்கிய ஐ.டி.சி.யின் தலைமையகம் இன்றும் சௌரங்கியில்தான் நிற்கிறது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் அதன் பங்குதாரர்கள். வடக்கே முர்ஷிதாபாத்தின் ஜங்கிப்பூர்ப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் முறம் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. திருநெல்வேலி, தென்காசிப் பெண்கள் அந்தத் திண்ணையில் போய் அமர்ந்தால் மொழி தெரியாமலே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் சுற்றுவது கம்பி அன்று. எனினும் நாள் முழுதும் புகையிலைத் தூளோடு இருப்பவை அந்த விரல்களே. சட்டம் அவ்விரல்களுக்கு மாற்று வேலை தேடித் தரவில்லை. பேட்டரியோடு வந்த புதுப்பொருளை விலக்குவது எளிதாக இருந்தது. அதற்கு வாக்காளரும் இல்லை, திண்ணையும் இல்லை, மரபுத்தொடரும் இல்லை.

‘வேப்’ என்பதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் 2014-இன் சொல்லாகத் தேர்ந்தனர். கொல்கத்தாவில் அதற்கு வங்காள வினை பிறக்கவில்லை. அதையும் ‘காவா’வோடு சேர்த்து உண்ணத் தொடங்குவதற்குள் காலம் முடிந்துவிட்டது. மஞ்சள் அரளிக்கு மட்டும் வங்காளத்தில் இன்னும் கொல்க்கேப்பூ என்றே பெயர். காம்பைக் கிள்ளித் தலைகீழாகப் பிடித்தால் கிண்ணத்தின் வடிவம் தெரியும்.